கொம்பு வில்லின் உறுப்பும் பிறப்பும்

பண்டைக்கால வில்லைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். அதற்கு முன்னர், இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்த காரணத்தை உரைத்தல் முறையாகும்.

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்குச் சொற்பொருள் கற்பித்துக்கொண்டிருந்தோம். திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்பது பெயர். சிருங்கம் என்னும் வடசொல்லுக்குக் கொம்பு என்பது பொருள். கொம்பினால் இயன்றமையின் அது சார்ங்கம் எனப்பட்டது என்று விளக்கினோம். பின்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் வீட்டில் எருமை இருக்கிறது. அதன் கொம்பு வளையாதே. வளைத்தால் ஒடிந்தல்லவா போகும்? அதில் எப்படி வில் செய்வார்கள்?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யாம் நகைத்திலேம், விடை கூறவும் இயன்றிலேம். தெய்வத்தின் வில் அத்தகையது என்று கூறி அவனை அமர்த்திவிடுதல் எளிது. எனினும் அதற்கு மனம் ஒருப்படவில்லை. “நாளைக்குச் சொல்லுகிறேன், உட்கார் தம்பி” என்றோம். அந்நாளை வருவதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

இளமையில் நிகண்டு ஓதிய காலத்தே சிலை, தனு, சாபம், கார்முகம், கோதண்டம் என்று வில்லின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கின்றோம். அவையெல்லாம் ஒரு பொருட் பன்மொழி என்பதே யாம் கற்ற பாடம். சொல்லைக் கற்றோம், பொருளைக் கண்டோமில்லை என்பதை அச்சிறுவனே எமக்கு உணர்த்தினான்.

அவன் வினாவுக்கு முதல் விடை நூலிலிருந்து வந்ததன்று. கொம்பினாற் சீப்புச் செய்து விற்கும் முதியவர் ஒருவரிடம் சென்று அவ்வினாவையே கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல், எருமைக் கொம்பினின்று நீளவாட்டத்தில் அறுத்தெடுத்த மெல்லிய பட்டை ஒன்றை அனலில் வாட்டினார். பின்னர் அதனை இரு கையாலும் பற்றி வளைத்தார். ஓலை வளைவதுபோல் அது வளைந்தது. ஆறிய பின்னும் அப்பட்டை வளைந்து கொடுத்துத் தன் நிலைக்கு மீண்டது. “முழுக் கொம்புதானுங்க ஒடியும், சீவினது ஒடியாது” என்றார். அச்சொல்லே எமக்குத் திறவுகோலாயிற்று.

நிற்க. வில் எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். பச்சை வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டுப் பட்டை வெடிக்கும். உட்பக்கம் நெருக்குண்டு சுருங்கும். வில்லின் நிலையும் அதுவே. எய்வோன் முகத்தை நோக்கிய பக்கத்தை அகம் என்றும், இலக்கை நோக்கிய பக்கத்தைப் புறம் என்றும் கொள்வோம். நாணை இழுக்குந்தோறும் புறம் நீட்டப்படுகின்றது, அகம் நெருக்கப்படுகின்றது. ஒரே மரத்தாலான வில்லில் இவ்விரு துன்பங்களையும் அம்மரமே தாங்கவேண்டும். தாங்காவிடின் முறியும். முறியாதிருத்தற்கு வழி வில்லை நெடிதாக்குதலேயாம். நெடிய வில்லில் வளைவு பரந்து செல்லுமாகலின், ஓரிடத்திற் சுமை மிகாது.

ஆதலின் பழைய மரவிற்கள் பெரும்பாலும் நெடியன. தென்மார்க்கு நாட்டு ஹோல்மகார்டு என்னுமிடத்தில் 1944ஆம் ஆண்டிற் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறக்குறைய 9000 ஆண்டுகட்கு முற்பட்டவை. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகட்கு மேற்பட்ட மனிதனுடன் இருந்த வில்லோ 1.82 மீட்டர் நீளம். அவன் உயரமோ 1.60 மீட்டர் அளவினதே. அவ்வில் யூ என்னும் மரத்தாலாயது. அம்மரத்தில் ஒரு வியப்புண்டு. அதன் வெளிக்கட்டை இழுப்பை நன்கு தாங்கும். உட்காழ் நெருக்கத்தை நன்கு தாங்கும். இருவகை உறுதியையும் இயற்கையே ஒரு மரத்துள் அடுக்கிவைத்தது என்க. பிற்காலத்தில் ஆங்கிலேயரின் நெடுவில் பெயர்பெற்றது இம்மரத்தாலேதான்.

இத்தகைய மரம் வளராத நாட்டார் யாது செய்வர்? பரந்த புல்வெளியிலும், பாலையிலும், உறைபனி நிலத்திலும் வாழ்வோர்க்கு நெடிய நல்மரம் கிட்டுவதரிது. குதிரைமீதும் தேர்மீதும் இருந்து எய்வோர்க்கோ ஆளுயர வில் இடையூறாகும். குறுகிய வில் வேண்டும். அது நெடிய வில்லினும் வலிதாயிருத்தல் வேண்டும். ஒரு மரம் தராத இதனைப் பல பொருளைக் கூட்டிப் பெற்றனர் பண்டையோர். அதனையே யாம் கூட்டு வில் என்கின்றோம். கொம்பு வில் என்பதும் அதுவே.

கூட்டு வில்லின் உறுப்புக்கள் நான்கு. நடுவே மெல்லிய மரம் அல்லது மூங்கில். அகத்தே கொம்புப் பட்டை. புறத்தே விலங்கின் தசைநார். இவற்றைப் பிணிக்கும் பசை. கொம்பு நெருக்கத்தைத் தாங்குவதில் வன்மரத்தினும் ஏறக்குறைய இருமடங்கு வலிது. தசைநாரோ இழுப்பைத் தாங்குவதில் வில்லுக்குரிய மரங்களினும் ஏறக்குறைய நான்கு மடங்கு வலிது. ஆதலின் நெருக்குண்ணும் அகத்திற் கொம்பையும், நீட்டுண்ணும் புறத்தில் நாரையும் அமைத்தனர். நடுமரம் இவ்விரண்டும் ஒட்டிநிற்றற்கு ஓர் இடமாய், வில்லுக்கு உருவம் தருவதாய் நின்றது. அவ்விடத்தில் மேப்பிள் போன்ற, பசையை நன்கு ஏற்கும் மரங்களைத் துருக்கரும், மூங்கிலைக் கொரியரும் கொண்டனர். கொம்பு, மேற்காசியாவின் பழைய நாளில் மலையாட்டினுடையது. பிற்காலத் துருக்கரும் கொரியரும் இந்திய வில்வினைஞரும் விரும்பியது எருமையினுடையது. எம் மாணாக்கன் வீட்டு எருமையும் இவ்வினத்ததே!

நாரைப் பதப்படுத்தும் முறை அருமையானது. மாடு, மான் முதலியவற்றின் பின்னங்கால் நாரை உலர்த்தி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, பஞ்சிழைபோற் பிரித்து, சீப்பால் வாரி, பசையில் தோய்த்து, புறத்தின்மேல் நீளவாட்டத்திற் படலம் படலமாக அடுக்குவர். ஒரு படலம் உலர்ந்த பின்னரே மறு படலம். பசை, தோலையும் நாரையும் காய்ச்சி எடுப்பதாகவேனும், மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையினின்று எடுப்பதாகவேனும் இருக்கும். நம் தச்சர் வச்சிரம் என்று வழங்கும் பசை இவ்வினத்தைச் சார்ந்ததே. கொம்பும் மரமும் கூடும் முகங்களில் நுண்ணிய கோடுகளைக் கீறுவர். பசை அக்கோடுகளிற் புகுந்து பற்றும். எல்லாம் கூடிய பின்னர் வில்லை எதிர்ப்புறமாக வளைத்துக் கட்டி, மாதக்கணக்கில் உலர வைப்பர். ஈரம் புகாதவாறு தோலாலோ பூர்ச்ச மரத்தின் பட்டையாலோ போர்ப்பர். ஒரு வில் முற்றுப்பெற ஓராண்டுக்குக் குறையாது.

இங்ஙனம் முற்றிய வில், நாண் பூட்டாத காலத்து எய்வோனுக்கு எதிர்ப்புறமாக வளைந்து, சில வேளை இரு முனையும் நெருங்கிக் கிடக்கும். அதனைத் திருப்பி வளைத்தே நாணேற்றல் வேண்டும். வலிமை மட்டும் உடையானுக்கு இஃது இயலாது, பழக்கம் வேண்டும். யவன மகாகவி ஹோமர் பெயரால் வழங்கும் ஒதிசி என்னும் காப்பியத்தில், பெனலோப்பியை மணக்க வந்தோர் அவள் கணவனது வில்லை நெருப்பில் வாட்டியும் கொழுப்பைப் பூசியும் நாணேற்ற மாட்டாது நாணினர். மாறுவேடத்தில் வந்த கணவனோ, தான் இல்லாத காலத்துக் கொம்பைப் புழு அரித்ததோ என்று முதலில் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; பின்னர் இருந்த இருக்கையிலேயே நாணேற்றினான். மரவில்லாயின் கொம்பைப் பற்றிய ஐயம் எழ இடமில்லை. அது கூட்டு வில்லே என்று அறிஞர் பலர் கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். நாணேற்றும் போட்டியால் மணமகனையும் மன்னனையும் தெரிதல் நம் நாட்டுக் கதைகளிலும் உளது. ஹெரோதோத்தசு கூறும் சித்திய மக்களின் கதையிலும் உளது. கதைகளை வரலாறு என்று கொள்ளோம். ஆயினும் ‘வளைத்தற்கரிய வில்’ என்பது வெறுங் கற்பனையன்று என்பதனைக் கூட்டு வில் காட்டுகின்றது.

இனி, இவ்வில்லின் உறுப்புக்களை எடுத்துரைக்கும் பழைய நூல்கள் இரண்டினை நோக்குவோம். சிரியா நாட்டுக் கடற்கரையில் ராஸ் ஷாம்ரா என்னும் மேட்டில் 1929ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில் உகரித் என்னும் பண்டைநகர் வெளிப்பட்டது. ஆங்குக் கிடைத்த களிமண் ஏடுகளுள் அக்கத்து என்னும் இளவரசனின் கதை ஒன்று. அவ்வேடுகள் ஏறக்குறைய 3300 ஆண்டுகட்கு முற்பட்டவை. தெய்வத் தச்சனாகிய கோத்தார் செய்த வில் ஒன்று அக்கத்தின் கைக்கு வருகின்றது. அனத்து என்னும் தேவி அதனை விரும்பி, வெள்ளியும் பொன்னும் தருவதாகவும், சாவாமை தருவதாகவும் கூறி வேண்டுகின்றாள். அவனோ கொடுக்க மறுத்து, லெபனோன் மலையின் மரமும், காட்டெருதின் நாரும், மலையாட்டின் கொம்பும், காளையின் குதிகால் நரம்பும், சதுப்பு நிலத்து நாணலும் கோத்தாரிடம் கொடுத்தால், அவனே உனக்கும் ஒன்று செய்து தருவான் என்று விடையிறுக்கின்றான். மகளிர்க்கு வில் எதற்கு என்று இகழ்ச்சியும் சேர்க்கின்றான். அதன் பயனாக உயிரிழக்கின்றான்.

இக்கதையில் எமக்கு வியப்பளிப்பது தேவியின் சினமன்று. சாவாமைக்கு ஈடாகக் கேட்கப்பட்ட அரும்பொருள், மரமும் நாரும் கொம்பும் நாணலுமே என்று அக்கவிஞன் கூறிவிட்டான். தனித்தனி நோக்கின் அவற்றுள் ஒன்றேனும் விலையுயர்ந்ததன்று. விலை, அவற்றைக் கூட்டிய கையினது.

மற்றொன்று சீன நூல். ஜௌ லி என்னும் தொகைநூலின் இறுதியிற் சேர்ந்துள்ள காவ்கோங்ஜி என்னும் கைத்தொழில் நூல், கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது. அது வில்லுக்கு ஆறு பொருள் கூறுகின்றது: மரம், கொம்பு, நார், பசை, பட்டுநூல், மரப்பாலாலாகிய மெருகு. மரத்தால் அம்பு நெடுந்தூரம் செல்லும். கொம்பால் விரைந்து செல்லும். நாரால் ஆழப் பாயும். பசையால் உறுப்புக்கள் ஒன்றுபடும். பட்டுநூலால் கட்டு உறுதிப்படும். மெருகால் பனியும் ஈரமும் தாக்கா என்று ஒவ்வொன்றற்கும் உரிய தொழிலை வகுக்கின்றது. பருவத்தையும் வகுக்கின்றது. குளிர்காலத்தில் மரத்தைப் பிளந்து, இளவேனிலிற் கொம்பை ஊறவைத்து, கோடையில் நாரைப் பதப்படுத்தி, இலையுதிர்காலத்தில் மூன்றனையும் கூட்டுவர்; அடுத்த குளிர்காலத்தில் உருவம் நிறுத்தி, மறு இளவேனிலில் நாண் பூட்டுவர்.

இவற்றையெல்லாம் ஓராண்டு கழித்து வகுப்பில் கூறி, கொம்புப் பட்டை ஒன்றையும் வளைத்துக் காட்டினோம். முன்பு வினவிய அச்சிறுவன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், “இதை முதலில் கண்டுபிடித்தது யார் ஐயா? நம்மவர்களா?” என்றான். இவ்வினா முன்னதினும் கடியது. எமது சங்கத்தார் இல்லங்களிலும் இஃது எழக்கூடுமாகலின் ஈண்டு விடையிறுக்கின்றோம்.

ஒவ்வொரு நாட்டாரும் இப்பெருமையைத் தமக்கே உரியதாக்க முனைவது இயல்பு. சான்றுகளோ அதற்கு இடந்தரவில்லை. அக்காத் நாட்டு மன்னன் நராம்சின் என்பான், கி.மு. 2250 அளவில் தன் வெற்றியைப் பொறித்த கல், இப்போது பாரிஸ் மாநகரில் லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. அதில் அவன் கையிலுள்ள குறுவில் கூட்டு வில்லே என்பர் சிலர். கல்லிற் கண்ட வடிவைக்கொண்டு உள்ளே இருந்த பொருளைத் துணிதல் கூடாது என்பர் பிறர். பின்னவர் கூற்றே எமக்கு உடன்பாடு. சைபீரியாவில் பைக்கால் ஏரியை அடுத்த கற்காலப் புதைகுழிகளில், மான்கொம்புத் தகடுகளால் வலிவூட்டிய விற்களின் எச்சங்கள் கிடைத்துள்ளன. யூரல் மலைக்குத் தெற்கேயுள்ள புல்வெளியில் கி.மு. 2000 அளவிலே ஆரக்காற் சக்கரத் தேர் தோன்றிற்று. அத்தேர்மீது நின்று எய்தற்குக் குறுவில் வேண்டப்பட்டது. எகிப்தியர் பன்னெடுங்காலம் மரவில்லையே ஏந்தினர். குதிரையும் தேரும் ஆசியாவினின்று வந்த காலத்திலேதான் கூட்டு வில்லும் அவர்களிடம் வந்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இறந்த துத்தங்காமன் என்னும் இளமன்னனின் கல்லறை 1922ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, ஏறக்குறைய 30 கூட்டு விற்கள் அதனுள் இருந்தன. அவற்றைப் போர்த்த பூர்ச்ச மரப்பட்டை எகிப்தில் வளரும் மரத்தினதன்று, குளிர்நாட்டினின்று வந்தது.

இஃதிங்ஙனமாக, கடலுக்கு அப்பால், வட துருவத்தை அடுத்து வாழும் இனுயிட்டு மக்கள், அலையில் மிதந்து வந்த கட்டையை எடுத்து, அதன் புறத்தே நார்க்கயிற்றை வரிந்து கட்டி வில் செய்தனர். வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள பழங்குடியினர் மலைச்செம்மறியின் கொம்பில் நாரை ஒட்டிக் குறுவில் செய்தனர். ஆக்ஸ்போர்டு நகரத்துக் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த ஹென்றி பால்பர் என்பார், 1890ஆம் ஆண்டிலேயே இப்பல்வகை விற்களையும் ஒப்புநோக்கி ஆராய்ந்து கட்டுரை வரைந்தார்.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நல்ல மரம் நிறைந்த நாட்டில் இவ்வில் பிறக்கவில்லை. மரம் முறியும் என்ற அச்சமுடையோன் அதன் புறத்தே நாரைக் கட்டினான். பின்னொருவன் கட்டியதை ஒட்டினான். மற்றொருவன் அகத்தே கொம்பை வைத்தான். இஃது ஒரு குலத்தாரின் பெருமிதத்திற் பிறந்ததன்று; பல நிலத்தாரின் இல்லாமையிற் பிறந்தது. முதலிற் செய்தான் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. உகரித் கவிஞன் தச்சனைத் தெய்வமாக்கிப் பெயரிட்டான். மனிதனாகிய தச்சனுக்கு அப்பேறும் இல்லை.

அங்ஙனமாயின் நம் நாட்டின் நிலை யாது? கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்சஸ் யவன நாட்டின்மீது படையெடுத்தபோது, அவன் சேனையிலிருந்த இந்தியர் மூங்கில் இனத்து வில்லை ஏந்தியிருந்தனர் என்பர் ஹெரோதோத்தசு. அலெக்சாந்தருடன் வந்த நியார்க்கஸ், இந்தியக் காலாட்கள் ஆளுயர வில்லை நிலத்தில் ஊன்றி இடக்காலால் அழுத்தி எய்தனர் என்று எழுதியதை ஆரியன் என்னும் வரலாற்றாசிரியர் காத்துவைத்துள்ளார். மூங்கிலும் பனையும் மலிந்த நாட்டுக்கு அதுவே பொருந்தும். மேலும் கூட்டு வில்லின் பகை ஈரம். மழைக்காலத்திற் பசை நெகிழும். ஆதலின் பிற்காலத்தில் வட இந்திய அரசர் படைக்கலச்சாலைகளில், பருவத்தால் கெடாத எஃகு விற்களும் இடம்பெற்றன.

எனினும் கொம்பு வில் நம் நாட்டில் இல்லாமலில்லை. கௌடிலியர் இயற்றியதாக வழங்கும் அர்த்தசாஸ்திரம், 1905ஆம் ஆண்டில் மைசூரிற் கண்டறியப்பெற்று 1909இல் அச்சேறியது. அந்நூலில் படைக்கலச்சாலைத் தலைவனின் கடமையைக் கூறும் பகுதியைக் கண்டபோது எமக்கு மெய்சிலிர்த்தது. பனையாலாயது கார்முகம்; சாபம் என்னும் மூங்கிலாலாயது கோதண்டம்; மரத்தாலாயது துருணம்; கொம்பாலாயது தனு என்று ஆங்கு வகை பிரிக்கப்பட்டுள்ளது. மருள், எருக்கு, சணல், மூங்கில் முதலியவற்றின் நாரும், விலங்கின் நரம்பும் நாணுக்குரியவை என்று அடுத்துக் கூறப்பட்டுள்ளது. யாம் ஒரே பொருள் என்று இளமையில் ஒப்பித்த பெயர்கள், ஒரு காலத்தில் வெவ்வேறு பொருளால், வெவ்வேறு கைகளால் ஆக்கப்பட்ட வெவ்வேறு விற்களைக் குறித்தன! அவ்வேற்றுமையை அறிந்த கைகள் மறைந்தபின், பெயர்கள் மட்டும் நிகண்டில் ஒருங்கு கூடின.

ஆகவே அச்சிறுவனுக்கு யாம் கூறிய விடை இது: “தம்பி, நம்மவர்கள் மட்டும் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது, நம்மவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. உன் வீட்டு எருமைக் கொம்பு ஒடியும் என்று நீ கேட்டாயே, அப்படிக் கேட்டவன் எவனோ அவனே முதலில் செய்திருப்பான்.”

அன்பர்களே! கோதண்டம் என்றும் சார்ங்கம் என்றும் இனி நும் இல்லங்களிற் பாராயணம் நிகழுங்கால், அச்சொற்களுக்குப் பின்னே மூங்கிலை வாட்டியவனையும், கொம்பைச் சீவியவனையும், நாரை வாரியவனையும் ஒருகணம் நினைமின். நும் சிறார் விளங்காதவற்றை வினவின் அவர்களை நகைத்து அமர்த்தற்க. விடை தெரியாவிடின் தெரியாது என்று கூறி, சீப்புச் செய்வோரிடமேனும் சென்று கேட்டு வருக. யாம் அங்ஙனமே கற்றோம். இன்னும் விரிப்பிற் பெருகுமாதலின் இத்துணையில் நிறுத்துகின்றோம்.